நாற்பத்தாறாம் எண் கொம்பு

ஹின்டர்டால் கிராமத்தில் மைன்ராட் பெச்சார்ட்டுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி ஹெட்விக். இன்னொருவன் அவள் தம்பி காஸ்பர். ஊராட்சித் தலைவர் உட்பட மற்ற எல்லோரும், சனிக்கிழமை காலையில் காலி பாட்டில்களோடு அவருடைய முற்றத்துக்குள் நுழையும் முன் பையை ஒரு தடவை திறந்து சரிபார்த்துக்கொள்வார்கள். ஊரின் குப்பை பிரிப்பு நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. பச்சைப் பாட்டிலைப் பழுப்புத் தொட்டியில் போட்டவர்களை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. தொட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்து, துடைத்து, அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். தயிர் டப்பாவின் மூடியைக் கழுவாமல் போட்ட பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்திக்கு அதைத் தபாலிலேயே அனுப்பியிருக்கிறார்.

இந்த மனிதருக்குள் சங்கீதமும் இருந்தது. இருபத்தாறு வருடமாக ஆல்ப்ஹார்ன் வாசித்துவந்தார். மூன்றரை மீட்டர் நீள மரக்கொம்பு. விரல் வைக்கத் துளையும் கிடையாது, அழுத்தக் கட்டையும் கிடையாது. உதடும் மூச்சும்தான் எல்லாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய யோடல் மலைப்பாட்டுத் திருவிழாவுக்கு ஏழு தடவை போயிருக்கிறார். ஏழு தடவையும் இரண்டாம் தரம். முதல் தரம் என்றால் மிக நன்று. இரண்டாம் தரம் என்றால் நன்று. நன்று என்று சொல்லப்படுவதைப் போன்ற அவமானம் உலகத்தில் வேறு இல்லை என்று மைன்ராட் நினைத்தார். மைத்துனன் காஸ்பர் ஒரே ஒரு தடவை போனவன். முதல் தரம் வாங்கினான். வந்ததும் கொம்பைத் தன் பாலாடைக்கட்டிக் கடைச் சுவரில் மாட்டிவிட்டு சீட்டாடப் போய்விட்டான். அது மைன்ராட்டுக்கு இன்னும் ஆறாத புண்.

நடுவர்கள் ஒவ்வொரு தடவையும் எழுதி அனுப்பும் அறிக்கையில் "சுத்தம், ஒழுங்கு, நேர்த்தி" என்ற மூன்று சொற்களும் தவறாமல் இருக்கும். அதற்குக் கீழே "கொஞ்சம் உயிர் வந்திருக்கலாம்" என்று ஒரு வரி. முதல் மூன்றையும் மைன்ராட் நடுவர்களின் அறிவுக்கும், நாலாவதை அவர்களின் பொறாமைக்கும் சாட்சியாக வைத்துக்கொண்டார்.

இரண்டாம் தரத்துக்கு உண்மையான காரணம் ஃபா என்ற ஸ்வரம். இந்தக் கொம்பின் பதினோராவது ஸ்வரம் பியானோவில் எங்கேயும் அகப்படாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். பழகாத காதுக்கு அபஸ்வரம் மாதிரி இருக்கும். தைரியமுள்ளவர்கள் அதைப் பிடித்து நிறுத்துவார்கள். கேட்பவர்களுக்கு முதுகில் சிலிர்க்கும். மைன்ராட் அதன் பக்கமே போவதில்லை. ஃபா ஒரு ஸ்வரமே இல்லை, மரத்தின் கோளாறு என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். எட்டாவது திருவிழாவுக்கும் அவர் எடுத்துக்கொண்டது 'மேல்குடில் காலை' என்ற மெட்டு. அதில் ஃபா ஒரு இடத்திலும் வராது.

ஜூன் மாத வெள்ளிக்கிழமை அது. கொம்பை மூன்று பாகமாகக் கழற்றிப் பையில் போட்டு, காஸ்பரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். காஸ்பர் வந்தது பீருக்கு. ஹெட்விக் வரவில்லை. மூன்று நாள் வீட்டில் சத்தம் இல்லாமல் இருப்பதுதான் தனக்குத் திருவிழா என்று சொல்லிவிட்டாள்.

ஏரிக்கரை ஊர் அன்றைக்கு நிரம்பி வழிந்தது. பதினையாயிரம் பேர் பூத்தையல் சட்டையில் தெருக்களை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு கோஷ்டி கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு யோடல் பாடியது. படுக்கை கொடுத்தது பள்ளிக்கூடத்துக்கு அடியில் இருந்த போர்க்காலப் பதுங்கு அறையில். அணுகுண்டு விழுந்தால் தாங்கும் சுவர். நூற்றுநாற்பது கொம்பு வாசிப்பவர்களின் குறட்டையைத் தாங்கும்படி அதை யாரும் கட்டவில்லை. விடிவதற்குள் மைன்ராட் வாசலில் கிடந்த செருப்புகளை அளவுவாரியாக அடுக்கிவைத்தார். காலையில் தன் ஜோடியைத் தேடி நூற்றுநாற்பது பேரும் அவரைத்தான் சபித்தார்கள், ஆள் யார் என்று தெரியாமல்.

சனிக்கிழமை காலை போட்டி. ஊருக்குப் பின்னால் உள்ள புல்மேட்டில் நடுவர் கூடாரம் நின்றது. உள்ளே மூன்று நடுவர்கள். நாலு பக்கமும் கெட்டித் துணி. வாசிப்பவர் முகம் அவர்களுக்குத் தெரியக்கூடாது. துணியில் ஒரு பிளவு. வரிசையைப் பார்த்துக்கொண்ட அல்வின் என்ற கிழவர் அதன் வழியாக எண் அட்டையை உள்ளே நீட்டுவார். அட்டை போனதும் வாசிக்க வேண்டியது. அவ்வளவுதான் ஏற்பாடு.

மைன்ராட்டின் எண் நாற்பத்தாறு. அவருக்குப் பின்னால் நாற்பத்தேழாக நின்றவள் டோரிஸ் ஹுன்சிக்கர். சமவெளிக்காரி, தன் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், ஐம்பது வயதிருக்கும். மரபு உடை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் நெற்றிக்கு மேல் கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்தாள். மணிக்கட்டில் பெரிய ரப்பர் கடிகாரம் மின்னியது. மரபு உடையோடு இரண்டுமே கூடாது என்று யோடல் சங்கத்தின் விதித்தாளில் அச்சடித்திருந்தது. அந்தத் தாளைப் படித்தவர் நாட்டிலேயே மைன்ராட் ஒருவர்தான், சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அவர் அதை விரித்து அவளிடம் காட்டினார். அவள் சாவகாசமாகப் படித்துப் பார்த்தாள்.

"உள்ள இருக்கறவங்களுக்கு என் மூஞ்சியே தெரியாதுங்க. கையில என்ன கட்டியிருக்கேன்னா தெரியப் போவுது?"

"தெரியுதா தெரியலையாங்கறது பேச்சில்லம்மா. விதின்னு ஒண்ணு இருக்கு."

"அப்ப நீங்க வாசிங்க. நான் வெயிலுக்குக் கண்ணாடி போட்டுக்கறேன்" என்று சொல்லி, நெற்றியில் இருந்ததை மூக்குக்கு இறக்கிக்கொண்டாள்.

மைன்ராட்டுக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் என்றால் இருபது நிமிடம். ஒரு குற்றம் கண்ணெதிரே நடக்கும்போது இருபது நிமிடத்தைச் சும்மா கழிக்க அவருக்குத் தெரியாது. கொம்பைப் புல்லில் கிடத்திவிட்டு மேட்டின் அடிவாரத்தில் இருந்த அலுவலகக் கூடாரத்துக்கு இறங்கினார். அங்கே இருந்த பெண் அவரைப்போலவே ஒழுங்கானவள். உடை பற்றிய புகாருக்குத் தனிப் படிவம் உண்டு, இரண்டு பிரதி நிரப்ப வேண்டும், சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றாள். மைன்ராட்டுக்கு அவள்மேல் மரியாதையே வந்தது. இரண்டு பிரதியையும் அச்செழுத்தில் நிரப்பினார். சாட்சிக்குக் காஸ்பரைத் தேடிப் போனார். மூன்றாவது பீர்க் கூடாரத்தில் அவன் இருந்தான். எதற்கென்று படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

மேலே இதற்குள் நாற்பத்தைந்து வாசித்து முடித்திருந்தது. அல்வின் வழக்கம்போல நாற்பத்தாறாம் அட்டையைப் பிளவுக்குள் நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆளைக் காணோம். புல்லில் கொம்பு மட்டும் கிடந்தது. இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு டோரிஸைப் பார்த்து, "நீ முன்னாடி வாசிச்சிரும்மா, உள்ள நான் சொல்லிக்கறேன்" என்றார். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கொம்பைப் பிடித்து நின்றாள். அந்த நேரம் பார்த்து யாரோ அல்வினுக்குச் சுட்ட தொத்திறைச்சி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது சூடாக இருந்தது. உள்ளே சொல்ல வேண்டியதை அவர் மறந்துபோனார்.

மைன்ராட் பாதி மேடு ஏறும்போது அவள் வாசிப்பு கேட்டது. ஆரம்பத்தில் அலட்சியமாகத்தான் கேட்டார். மெதுவான வாசிப்பு, எதையும் நிரூபிக்கிற அவசரம் அதில் இல்லை. பிறகு ஃபா வந்தது. அவள் அதை ஒளிக்கவில்லை. எடுத்து வெயிலில் வைப்பதுபோல் வைத்து, அங்கேயே நின்றாள். எதிர்மலையில் பட்டு அது திரும்பி வந்தது. மைன்ராட்டின் கால்கள் அவரைக் கேட்காமலே நின்றுவிட்டன. கையில் இன்னும் கொடுக்காத இரண்டு பிரதிப் படிவம். பக்கத்தில் மேய்ந்த மாடுகூடத் தலையைத் தூக்கியது. அரை நிமிடம் அப்படி நின்றார். பிறகு அவளுடைய ரப்பர் கடிகாரம் ஞாபகம் வந்தது, நடந்தார்.

மேலே போனதும் அல்வின் அவரைப் பிடித்து நிறுத்தி, நாற்பத்தேழாம் அட்டையை உள்ளே நீட்டி, வாசி என்று கையைக் காட்டினார். எண்ணை மைன்ராட் பார்க்கவில்லை. மூச்சு இரைத்தது; வாய் காய்ந்திருந்தது. 'மேல்குடில் காலை' அன்றைக்கு இரண்டு இடத்தில் உடைந்தது, ஒரு இடத்தில் கனைத்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் அவ்வளவு மோசமாக வாசித்ததில்லை. வாசித்து முடித்ததும் நேரே கீழே இறங்கிப்போய்ப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வரை ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தேவாலயத்துக்கு முன்னால் பட்டியல் ஒட்டினார்கள். மைன்ராட் பார்க்கப் போகவில்லை. காஸ்பர்தான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனான். வரும்போது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மச்சான், உனக்கு ஒண்ணாம் தரம் போட்டிருக்கான்" என்றான்.

நம்பாமல் தானே போய்ப் பார்த்தார். நாற்பத்தாறு, பெச்சார்ட் மைன்ராட், ஹின்டர்டால்: ஒன்று. அதற்குக் கீழே, நாற்பத்தேழு, ஹுன்சிக்கர் டோரிஸ்: மூன்று. மூன்று தடவை விரலை வைத்துப் படித்தார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று முதல் நிமிடமே அவருக்குப் புரிந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கு அவர் நேர்மையானவராக இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த பத்து நிமிடத்தில் மனசு வேலை செய்ய ஆரம்பித்தது. உயிர் வேண்டும், உயிர் வேண்டும் என்று ஏழு தடவை எழுதினார்களே, மேடேறி ஓடிவந்த இரைப்புதான் உயிரோ என்னவோ. உடைந்த இடங்கள் அவர்களுக்கு உருக்கமாகப் பட்டிருக்கலாம். சமவெளிக்காரிக்கு மூன்று கிடைத்ததில் ஆச்சரியம் என்ன, அவள் ஃபாவை அல்லவா வாசித்தாள். இரண்டாவது காபி குடித்து முடிப்பதற்குள் மைன்ராட் முதல் தரத்துக்கு முழுக்கத் தகுதியானவராகிவிட்டார்.

அப்போதுதான் டோரிஸ் வந்தாள். பின்னால் அல்வின், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அட்டை மாறிப்போனதை அல்வின் தானாகவே அவளிடம் சொல்லிவிட்டாராம், இரவெல்லாம் தூங்கவில்லையாம். அவள் கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. அலுவலகத்துக்கு மூன்று பேரும் போய்ச் சொன்னால் மாற்றிவிடுவார்கள், ஐந்து நிமிட வேலை என்றாள்.

மைன்ராட் சட்டைப்பையிலிருந்து விதித்தாளை எடுத்தார்.

"பதினாலாவது விதி. ஒட்டின முடிவு இறுதியானது."

"விதியக் கேக்கலைங்க. நேத்து நீங்க என்ன வாசிச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"பட்டியல்ல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவள் அவரைப் பார்த்தாள். வண்டியோட்டக் கற்கிறவன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனபிறகு ஆசிரியை பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு அல்வினின் தோளைத் தட்டி, விடுங்க பெரியவரே என்று சொல்லிவிட்டுத் தனியாக அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த ஒழுங்கான பெண் அவளிடமும் இரண்டு பிரதிப் படிவத்தை நீட்டினாள். அதில் சம்பந்தப்பட்ட இன்னொரு வாசிப்பாளரின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. டோரிஸ் படிவத்தை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதெல்லாம் நடந்தபோது காஸ்பர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ரயிலில் திரும்பும்போது அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காஸ்பர் பேசாமல் இருப்பது அவன் திட்டுவதைவிட மோசமானது. மைன்ராட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹின்டர்டாலில் பஸ் நிறுத்தத்துக்கே பித்தளை வாத்தியக் குழு வந்துவிட்டது. ஊராட்சித் தலைவர் வெள்ளை ஒயின் ஊற்றினார். பள்ளிக்கூட ஆசிரியை மாலை போட்டாள். தபாலில் மூடி வாங்கியவள் அவள்தான். குப்பை நிலையத்து வாசலில் யாரோ பைன் கிளைகளால் வளைவு கட்டியிருந்தார்கள். மைன்ராட் அடக்கமாகச் சிரித்தார். அடக்கம் அவருக்குப் புதிது; தொப்பி ஒரு அளவு பெரிதாக இருப்பதுபோல் அது முகத்தில் உட்காராமல் ஆடியது.

மூன்று வாரம் கழித்து நடுவர் அறிக்கை வந்தது. ஹெட்விக்தான் உறையைப் பிரித்தாள். அடுப்படி மேஜையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள். "ஃபாவை ஒளிக்காமல், அவசரப்படாமல் நிறுத்திய விதம் மறக்க முடியாதது. இந்த வாசிப்பாளருக்குப் பயம் கிடையாது."

அவள் தாளைக் கீழே வைத்தாள். இருபத்தாறு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள்.

"உன் பாட்டுல அந்தச் சுரமே வராதேப்பா" என்றாள்.

நிலையத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மைன்ராட் எழுந்தார். அன்றைக்கு நிலையத்துக்கு விடுமுறை.

அறிக்கை எப்படியோ ஊராட்சித் தலைவர் காதுக்கும் எட்டிவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி தேசிய நாள் விழாவில், விழாத் தீ மூட்டுவதற்கு முன் மைன்ராட் வாசிக்க வேண்டும், அந்த மறக்க முடியாத இடம் கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுக்க வழியில்லை. மைன்ராட் தினமும் மாலை நிலையத்தை மூடியபின் பாட்டில் தொட்டிகளுக்கு நடுவே நின்று ஃபாவைத் தேடினார். ஒருநாள் அது மேலே வழுக்கியது, ஒருநாள் கீழே சரிந்தது. பிடிபட்டதாக நினைத்த நாட்களில் எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. பாட்டில் கொண்டுவந்தவர்கள் வேலிக்கு வெளியே மரியாதையாகக் காத்திருந்தார்கள். அந்த ஜூலையில் பச்சையும் பழுப்பும் தாராளமாகக் கலந்தன, அவர் கவனிக்கவில்லை.

முதல் தேதி சாயங்காலம் ஊரே கூடியது. அவர் வாசித்தார். ஃபா வர வேண்டிய இடத்தில் ஒரு கிழட்டுக் கதவு திறக்கும் சத்தம் வந்தது. மைன்ராட்டின் முகம் காது மடல் வரை சிவந்தது. சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஐந்நூறு பேரும் மனதாரக் கைதட்டினார்கள். அந்த நடுக்கம் என்னமோ செய்துவிட்டது என்று ஊராட்சித் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மைன்ராட்டுக்கு வாழ்க்கையில் விழுந்த அடிகளில் பெரியது அந்தக் கைதட்டல்தான். இத்தனை வருடமாக நல்லதும் கெட்டதும் தெரியாத இவர்கள் கேட்பதற்காகவா வாசித்தோம் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது, தம்பியிடம் விசாரித்து எல்லாம் தெரிந்துவைத்திருந்த ஹெட்விக் கேட்டாள்: "அந்தப் பொம்பளைக்கு நீ எழுதறியா, நான் எழுதவா?"

அவரே எழுதினார். அவளுக்கு இல்லை, சங்கத்துக்கு; நடந்ததை ஒப்புக்கொண்டு நாலு பக்கம், இரண்டு பிரதி; அல்வினின் வாக்குமூலமும் காஸ்பரின் கையெழுத்தும் இணைப்பு. இந்த முறை காஸ்பர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். ஒன்பது வாரம் கழித்து பதில் வந்தது. பதினாலாவது விதிப்படி முடிவு இறுதியானது என்றும், விதிகளில் அவர் காட்டும் அக்கறைக்கு நன்றி என்றும் இரண்டே வரி.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கண்ணாடிச் சட்டம் போட்ட முதல் தரச் சான்றிதழைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு சமவெளிக்கு ரயிலேறினார். டோரிஸ் அப்போது பாடத்தின் நடுவில் இருந்தாள். பின் இருக்கையில் ஏறிக்கொள்ளுங்கள், பாடத்தை நிறுத்த முடியாது என்றாள். முன்னால் வியர்த்துக்கொண்டு ஓட்டியவள் அறுபது வயது விதவை ஒருத்தி. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது மைன்ராட் பொட்டலத்தை முன்னால் நீட்டினார். டோரிஸ் பிரித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுல உங்க பேரு போட்டிருக்கே. நான் இத எங்க மாட்டறது?"

அவருக்கு அது தோன்றவே இல்லை. பச்சை விழுந்தது. அவள் சான்றிதழைக் காலடியில் சாய்த்து வைத்தாள். வண்டி வட்டச் சந்திப்பை இரண்டு தடவை சுற்றியது, விதவைக்கு வெளியேறும் வழி அகப்படவில்லை. விளக்குக் காட்டாமல் திரும்புகிறீர்கள் என்று மைன்ராட் பின்னாலிருந்து அந்த அம்மாளிடம் சொன்னார்.

"இந்த வண்டில அதச் சொல்றதுக்கு நான் இருக்கேன்" என்றாள் டோரிஸ், திரும்பாமலே.

மைன்ராட் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார். ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்போது கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். ரயிலில் வரும்போதே அவர் யோசித்து வைத்த பேச்சு நீளமானது. அதில் ஒரு வாக்கியம்தான் வெளியே வந்தது.

"நீங்க அன்னிக்கு வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"தெரியும்" என்றாள் அவள். பிறகு விதவையின் பக்கம் திரும்பி, முதல் கியரைப் போடச் சொன்னாள்.